எத்தனை வருஷம் என்று போடுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் அங்கே அதைவிட நன்றாகவே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். இந்தக் காலத்தில் இதென்ன கடிதம், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறாதே. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். தனியாகப் பேசலாம் என்று மாடிப்படிக்குப் போனால் எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் செருப்பைத் தேட ஆரம்பிக்கிறார், நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தச் செருப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில், நம் பழைய வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையைச் சாய்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா மூன்றாவது மாடியில் டயாலிசிஸில் இருக்கிறாள், இறங்கி வர நாலு மணி நேரம் ஆகும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயத்துக்குள் போனதும் மறந்துவிடுவேன். அம்மாவுக்குக் கால்வீக்கம் போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்ன அளவைப் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டாள், ஆனால் நான் அவள் எதிரில் மடக்மடக்கென்று குடித்தால் முறைக்கிறாள். அதனால் நான் இப்போதெல்லாம் குளியலறைக்குள் போய்த் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், இந்த வயதில் எனக்கு இது ஒரு பிழைப்பு. என் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. முழங்கால் வலி அப்படியேதான். உன் மாமா அம்மாவைப் பார்க்க வாரம் தவறாமல் வருகிறான், வந்து அவன் கார் பெருமையைத்தான் பேசுகிறான், இருந்தாலும் தம்பி வந்து போனால் அவள் முகம் தெளிவாகிறது. வாண்டுக்கு இருமல் என்று சொன்னாயே, ராத்திரியில் காதை மூடிப் படுக்க வை, மருந்து கொடுத்து அடக்கிவிட்டால் ஆயிற்று என்று இருந்துவிடாதே, மூன்று நாளுக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டு. நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் கார் என்ன ஆச்சு அப்பா, மாதக் கடைசியோடு சலுகை முடியுதே என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய், நான் மூன்று தடவையும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டேன். முன்பணத்தில் பாதியை நீயும் மாப்பிள்ளையும் தருவதாகச் சொன்னது பெரிய மனசு, அதை நான் மறக்கவில்லை. ஆரம்பத்தில் எனக்கே ஆசை இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நம் வண்டி மக்கர் பண்ணியபோது உன் மாமாதான் அவன் எலெக்ட்ரிக் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் ஒரே பிரசங்கம். இந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே சார்ஜ் போடும் இடம் இருக்கிறதாம், "அத்தான், அக்கா மேல நாலு மணி நேரம், வண்டி கீழ நாலு மணி நேரம், ரெண்டு பேரும் ஒண்ணா சார்ஜ் ஏறி ஒண்ணா இறங்கி வருவாங்க" என்றான். எனக்கு அவனை ஓர் அறை விடலாமா என்று இருந்தது, உன் அம்மாவோ கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். ஆனால் ஒன்று, திரும்பி வரும்போது அவள் வாந்தி எடுக்கவில்லை. நம் வண்டியில் டயாலிசிஸ் முடிந்து வரும்போது அந்த அதிர்விலும் பெட்ரோல் வாடையிலும் பாதி வழியில் ஓரமாக நிறுத்தச் சொல்வாள், நான் பின்சீட்டில் எப்போதும் பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பைக்கு வேலையில்லை, ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டே வந்தாள். அப்போதே வாங்கிவிடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் ஒரே பிடியாக நின்றாள். "எனக்காகன்னா வேண்டவே வேண்டாம். என் உடம்புக்குச் செலவு பண்ணினதே போதும், இனி நான் போறதுக்கு வர்றதுக்கு ஒரு புதுக் காரா? கணக்குக்குச் சரியா வந்துச்சுன்னா வாங்குங்க, நான் குறுக்க வரல" என்றாள். நானும் இதென்ன பெரிய விஷயம், நமக்குக் கணக்கா தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். நான் முப்பது வருஷம் லிஃப்ட் கம்பெனியில் குப்பை கொட்டியது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்தேன் என்று நீ சரியாகக் கேட்டதே இல்லை. கட்டடக்காரர்கள் கூப்பிடுவார்கள், பழைய லிஃப்டை ரிப்பேர் பண்ணி ஓட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதா, எது லாபம் என்று நான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மோட்டாரையும் கயிற்றையும் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்தக் கட்டடத்தை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதுதான். அது தெரியாமல் எந்தக் கணக்கும் கிடையாது. சிலர் முழிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள். நானோ, வருஷத்தைச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன் என்று பந்தாவாக உட்கார்ந்திருப்பேன். அந்தப் பந்தா இப்போது என்னிடமே திரும்பி வந்து நிற்கிறது.

கணக்கைப் பொறுமையாகக் கேள், நீயே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். எலெக்ட்ரிக் கார் வாங்கும்போது விலை அதிகம், ஓட்டும்போது செலவு குறைவு. ஆகவே எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாக ஓட்டுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு சீக்கிரம் போட்ட காசு திரும்பி வரும். நாங்கள் எங்கே ஓட்டுகிறோம்? காய்கறிக் கடைக்கு நடந்தே போய்விடுகிறோம். ஊர் சுற்றுகிற வயதும் இல்லை, உடம்பும் இல்லை. வண்டி ஓடுவதெல்லாம் வாரம் மூன்று நாள் நகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். கடன் வட்டி, இன்சூரன்ஸ், பழைய வண்டியை விற்றால் வருவது, நீங்கள் தருகிற பணம், வீட்டுக்குக் கீழே சார்ஜ் பாயின்ட் வைக்க எலெக்ட்ரீஷியன் கேட்ட கூலி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். இதே ஓட்டம் ஓடினால் ஆறு வருஷத்தில் போட்டது திரும்பி வரும். அதற்கு முன்னால் ஓட்டம் நின்றுவிட்டால் நஷ்டம். அந்த ஆறு என்ற எண்ணை எழுதிவிட்டு அடிக்கோடு போடப் போனேன், பேனா நகரவில்லை.

சரி, தெரிந்தவர்களைக் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். மெக்கானிக்கிடம் பழைய வண்டி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை அந்த மனுஷன், "ரெண்டு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் சார், மூணாவது வருஷத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் பார். ஷோரூமில் இருந்த அம்மாள் பேட்டரிக்கு எட்டு வருஷம் கியாரண்டி என்று அட்டையில் அச்சடித்தே கொடுத்தாள். டாக்டரிடம் போனேன், கார் வாங்கப் போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, சுற்றி வளைத்து, இந்த மாதிரி இருக்கிறவர்கள் பொதுவாக எத்தனை வருஷம் என்று கேட்டுவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரிங்க, அதெல்லாம் சொல்ல முடியாது, அவங்க நல்லாத்தான் ஒத்துழைக்கறாங்க" என்றார். அம்மாவின் யூனிட்டிலேயே பத்து வருஷத்துக்கு மேல் வந்து போகிற ஓர் ஓவியர் இருக்கிறார், ஜோக் சொல்லி நர்ஸுகளை ஓட்டுகிறார். போன வருஷம் சேர்ந்த பக்கத்துக் கட்டில் டீச்சர் இரண்டு மாதமாக வரவில்லை, யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

இதற்குப் பிறகுதான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன். எதற்கு மறைக்க வேண்டும், நீ என் பெண், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அன்று சாயங்காலம் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தவன், முப்பது வருஷப் பழக்கம், தலையை நிமிர்த்தாமலே, "ஆஸ்பத்திரி ஓட்டம் இன்னும் எத்தனை வருஷம்னு போட்டுக்கலாம்?" என்று கேட்டுவிட்டேன். கட்டடக்காரனைக் கேட்கிற அதே குரலில். கத்திச் சத்தம் நின்றபோதுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை, அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். "உங்களுக்கு எது தோதோ அதைப் போட்டுக்கங்க" என்றாள். சொல்லிவிட்டு மிச்சப் பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். எனக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தெரியவில்லை மகளே. மறுநாள் எப்படியாவது சமாளிக்கலாம் என்று, "மறுபடி போட்டுப் பார்த்தேன், மூணே வருஷத்துல வந்துடுது, ஓட்டமே அவ்வளவு தேவையில்ல" என்று ஒரு பொய்க் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். ஜவுளிக் கடை பில் மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்தவளிடம் இது செல்லுமா? "இன்சூரன்ஸை விட்டுட்டீங்க, வட்டியைப் பாதிதான் போட்டிருக்கீங்க" என்று இரண்டு இடத்தில் விரலை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெண்டாட்டிக்காகப் பொய் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

அந்த வாரமே அவள் ஆஸ்பத்திரி வேனில் பெயர் கொடுத்துவிட்டாள். நோயாளிகளை வீடு வீடாக ஏற்றி இறக்குகிற வேன், காசு கிடையாது. "என்னைக் கணக்குல சேர்க்காம போடுங்க, அப்ப உங்களுக்கு ஒரு முடிவு தெரியும்" என்றாள், சண்டை போடுகிற மாதிரி இல்லை, எனக்கு உதவி செய்கிற மாதிரிச் சொன்னாள். அந்த வேன் எல்லாத் தெருவையும் சுற்றிக்கொண்டு போவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. திரும்பி வரும்போது இவள்தான் கடைசி. வீட்டுப் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று வருகிறாள், நான் கையைக் கொடுத்தால், "விடுங்க, நான் வர்றேன்" என்கிறாள். வண்டி கீழே சும்மா நிற்கிறது, நான் மேலே சும்மா நிற்கிறேன். முதல் நாள் பொறுத்துப் பார்த்தேன், இரண்டாம் நாள் முடியவில்லை. வேன் கிளம்பியதும் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன். இப்போது அதுதான் வழக்கமாகிவிட்டது. அவள் இலவச வேனில் முன்னால் போகிறாள், நான் காலிக் காரில் பெட்ரோலை எரித்துக்கொண்டு பின்னால் போகிறேன், வேன் எந்தெந்தச் சந்தில் நுழைகிறதோ அந்தந்தச் சந்தில் எல்லாம் நானும் நுழைந்து வெளியே வருகிறேன். இதைவிட நஷ்டக் கணக்கு உலகத்தில் இருக்கிறதா சொல். வேன் டிரைவர் முதலில் என்னை ஏதோ சந்தேகப்பேர்வழி என்று நினைத்து இறங்கி வந்து விசாரித்தார், சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஒருநாள் வழியில் வேன் நின்றபோது கிட்டே போய், "வாயேன், இதுல உட்காரேன்" என்று கெஞ்சினேன், "முதல்ல முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலையில் சிக்னலில் வேன் போய்விட்டது, நான் சிவப்பில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு லாரி குறுக்கே நின்று, நான் இங்கே வந்து சேர நேரமாகிவிட்டது. அவள் இந்நேரம் மேலே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வேனில் வந்த மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நம் வண்டி உள்ளே திரும்புவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கைகூடக் காட்டாமல் திரும்பி லிஃப்டுக்குள் போய்விட்டாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் கண்டுபிடித்தது இதுதான், வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. அந்தக் கார் எனக்கு லாபமாக வேண்டுமென்றால் உன் அம்மா ஆறு வருஷம் இப்படியே இருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் கையில் ஊசி குத்திக்கொண்டு, பாட்டிலில் கோடு போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என் சிறுநீரகத்தை அவளுக்கு எடுக்க மாட்டார்கள், உன்னுடையதை எடுக்க அவள் விட மாட்டாள், ஆனாலும் காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர் இருக்கிறது. நாளைக்கே போன் வந்து அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டால் ஆஸ்பத்திரி ஓட்டம் நின்றுவிடும், கார் நஷ்டம். அந்த இன்னொன்று நடந்தாலும் நஷ்டம், அதை நான் எழுத மாட்டேன். ஆக, அவள் குணமாகவும் கூடாது, என்னை விட்டுப் போகவும் கூடாது, அப்போதுதான் கணக்கு நேராகும். இப்படி ஒரு கணக்கைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் எப்படிப் படுப்பது? வாங்கினால், உனக்குக் குணமே ஆகாது என்று அவளிடம் சொன்ன மாதிரி. வாங்காவிட்டால், நீ அத்தனை நாள் இருக்க மாட்டாய் என்று சொன்ன மாதிரி. பேசாமல் பழைய வண்டியையே ஓட்டலாம் என்றால், மெக்கானிக் சொன்ன இரண்டு வருஷம் போதும் என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்குத்தான் அடிபடுகிறது. ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் ஆயுள் சொன்னவன் நான், என் வீட்டுக்குள் எனக்குக் கை கால் ஓடவில்லை.

நஷ்டமோ லாபமோ பரவாயில்லை, வாங்கிவிடுங்கள் அப்பா என்று நீ சொல்வாய். நானும் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நஷ்டத்தில் வாங்கினால் அதில் ஏறவே மாட்டேன் என்கிறாள், அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், அந்தப் பிடிவாதம்தான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது, அதை உடைக்கவும் எனக்கு மனசில்லை. அதனால் நீதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். வட்டி, இன்சூரன்ஸ், விலை எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னால் அவள் கேட்பாள், அவள் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்கிற ஒரே கணக்கு உன்னுடையதுதான், பெண் போட்டால் சரியாக இருக்கும் என்பாள். வாங்குங்கள் என்று சொன்னாலும் சரி, வேண்டாம் என்று சொன்னாலும் சரி, மறுபேச்சு இல்லாமல் செய்கிறேன்.

நேரமாகிவிட்டது, இன்னும் சிறிது நேரத்தில் இறங்கி வருவாள், வேன் கிளம்புவதற்கு முன்னால் நான் தயாராக நிற்க வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வாண்டுக்கு என் முத்தம், அம்மாவின் முத்தம், மாமாவின் முத்தம் மூன்றையும் தனித்தனியாகக் கொடு, சேர்த்துக் கொடுத்துவிட்டு ஏமாற்றாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல மறந்துவிடாதே. போனிலேயே சொல், ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்கட்டும். வாங்கலாம், வேண்டாம், இரண்டில் ஒன்றை மட்டும் சொல். எத்தனை வருஷம் என்று வைத்துப் போட்டாய் என்பதை மட்டும் அவளிடமும் சொல்லாதே, என்னிடமும் சொல்லாதே.

உன் பதிலுக்காக வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்,
அப்பா